சிலுவையும் போர்விமானமும்

திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறை வழியாகக் கரூர் செல்லும் பேருந்துகளில் ஏறுகிறவர்கள், ஓட்டுநரின் தலைக்கு மேலே பிள்ளையாரும் பிறைநிலவும் சிலுவையும் ஒரே வரிசையில் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்துப் பழகிப்போனவர்கள். தவக்காலத்தில் பாஸ்கு நாடகம் நடக்கும் ஊர்களுக்குப் பாய் சுருட்டிக்கொண்டு போய், விடிய விடிய உட்கார்ந்து, சேசுநாதர் பாடுபடும் கட்டத்தில் கண்ணீர் விட்டுத் திரும்பும் பிற சமயத்தாரும் இந்தச் சமவெளியில் ஏராளம். ஆகவே, ‘பாடுபட்ட சுரூபம்’ என்று கத்தோலிக்கர்கள் அழைக்கும் சிலுவைக் கிறிஸ்துவின் உருவம் இப்பகுதியில் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய வஸ்துவாக இல்லை. அத்தகைய ஒரு சுரூபத்தைக் கடையில் விலைக்கு வாங்கி, மரச்சிலுவையின்மேல் அல்லாமல் அமெரிக்கப் போர்விமானம் ஒன்றின் மாதிரியின்மேல் பொருத்தித் தொங்கவிட்ட ஒரு மனிதரைப் பற்றியும், அந்தக் காரியத்தின் பொருட்டு நாற்பது வருஷகாலம் அவரைத் தொடர்ந்து வந்த கோபத்தைப் பற்றியும் இங்கே சற்று விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் லியோன் ஃபெராரி. தென் அமெரிக்காவில் அர்ஜென்டினாவின் தலைநகரமான புவனோஸ் ஐரிஸில் 1920ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிறந்தவர். நம்மில் பெரும்பாலோருக்கு அந்தத் தேசம் மரடோனாவாலும் மெஸ்ஸியாலும் அறிமுகமானது. அதன் சரித்திரத்தில் கால்பந்தைவிடக் கனமான சங்கதிகள் உண்டு. லியோனின் தகப்பனார் அகஸ்தோ ஃபெராரி இத்தாலியிலிருந்து குடியேறிய ஓவியர். தேவாலயங்களைக் கட்டுவதும் அவற்றின் சுவர்களிலும் விதானங்களிலும் புண்ணியவான்களின் உருவங்களைத் தீட்டுவதும் அவருடைய ஜீவனோபாயம். மகனோ பொறியியல் படித்தார். வைத்தியத்திற்காகத் தம் குழந்தையை அழைத்துக்கொண்டு இத்தாலிக்குச் சென்ற சந்தர்ப்பத்தில் களிமண்ணில் கைவைத்துப் பழகி, முப்பது வயதைத் தாண்டிய பிறகே கலைஞரானார். தேவாலயச் சாரத்தின்மேல் நின்று வண்ணம் தீட்டிய ஒருவருடைய வீட்டில் வளர்ந்த பிள்ளை, அந்தச் சித்திரங்களையே வாழ்நாள் முழுதும் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார் என்பது, அவரைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மறக்கக்கூடாத விஷயம்.

1965ஆம் ஆண்டில், புவனோஸ் ஐரிஸில் புதுமைக்கலைக்குப் பெயர்போன தொர்குவாதோ தி தெல்லா நிலையம், அவ்வருஷத்துப் பரிசுக் கண்காட்சிக்கு அவரையும் அழைத்தது. வியட்நாமின்மீது அமெரிக்க விமானங்கள் குண்டுமாரி பொழியத் தொடங்கியிருந்த காலம் அது. அந்த யுத்தத்தை மேற்கத்திய கிறிஸ்தவ நாகரிகத்தைக் காக்கும் கைங்கரியம் என்று பிரசங்கம் செய்தவர்கள் பலர் இருந்தார்கள். ஃபெராரி ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமுள்ள விமான மாதிரியைச் செய்து, அதன் மூக்கு தரையை நோக்கும்படி செங்குத்தாகத் தொங்கவிட்டு, இரண்டு இறக்கைகளின்மேலும் கரங்கள் விரிந்திருக்குமாறு பாடுபட்ட சுரூபத்தை அதில் பொருத்தினார். ‘மேற்கத்திய, கிறிஸ்தவ நாகரிகம்’ என்று அதற்குப் பெயரிட்டார். பிரசங்கிகளின் சொல்லைத்தான் திருப்பிக் கொடுத்தார். தம்முடைய சொல்லாக அதில் ஒன்றும் இல்லை. நிலையத்தின் கலைப்பிரிவுத் தலைவர் ரொமேரோ ப்ரெஸ்த், கண்காட்சி திறப்பதற்கு முன்பே அதை அகற்றும்படி வேண்டிக்கொண்டார். ஃபெராரியும் அதை எடுத்துக்கொண்டு, அதே விஷயத்தைப் பேசும் சிறிய படைப்புகளை மட்டும் விட்டுவைத்தார். அவற்றைப் பார்த்த பத்திரிகை விமர்சகர் ஒருவர், இது கலையே அன்று என்று எழுதினார். அதற்கு ஃபெராரி எழுதிய மறுமொழி பிரசித்தமானது: இது கலை அல்ல என்று யாராவது நிரூபித்தால் தமக்கு ஆட்சேபமில்லை என்றும், அந்தப் பதத்தை அடித்துவிட்டு அரசியல் என்றோ கண்டனம் என்றோ வைத்துக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னார்.

இங்கே வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் எழும், எழவேண்டியதுதான். சுரூபத்தைச் செய்தவர் வேறு யாரோ ஒரு தொழிலாளி. விமானத்தை வடிவமைத்தவன் அமெரிக்க எஞ்சினீயர். இதில் இந்த மனிதருடைய கலை எங்கே இருக்கிறது? 1917இல் மார்சல் துஷாம்ப் என்ற பிரெஞ்சுக்காரர், கடையில் வாங்கிய பீங்கான் சிறுநீர்த் தொட்டி ஒன்றை நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பிவைத்த நாள் தொட்டு இந்தக் கேள்வி கேட்கப்பட்டு வருகிறது. கருத்தியல் கலை என்று இன்று வழங்கும் இந்த மார்க்கத்தில், கையின் சாமர்த்தியத்தைவிட, எதை எதன் பக்கத்தில் வைப்பது என்ற தீர்மானமே பிரதானம். ஜோதிடர் கட்டம் போடும்போது கிரகங்களை அவர் சிருஷ்டிப்பதில்லை. எந்த வீட்டில் எது எதனோடு சேர்ந்து நிற்கிறது என்று காட்டுவதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது, நம் வயிற்றில் புளியைக் கரைப்பது அந்தச் சேர்க்கைதான். ஃபெராரியும் தம் ஆயுள் முழுவதும் இதைத்தான் செய்தார். ஏற்கெனவே உலகத்தில் இருக்கும் இரண்டு பொருள்களை, ஒன்றையொன்று பாராமல் இருக்கும்படி சமூகம் சாமர்த்தியமாகத் தள்ளித் தள்ளி வைத்திருக்கும் இரண்டை, எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 1967இல் அவர் வெளியிட்ட ‘பிறர் சொற்கள்’ என்ற நூல், ஹிட்லர், அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன், போப்பாண்டவர் ஆறாம் சின்னப்பர், வேதாகமத்தின் கடவுள் முதலியோர் பேசியவற்றையும் பத்திரிகைச் செய்திகளையும் கத்தரித்து, அவர்களெல்லாம் ஒரே கூடத்தில் அமர்ந்து சம்பாஷிப்பதுபோல் கோத்த ஒரு நீண்ட நாடகம்.

மறு வருஷத்தில் ஜெனரல் ஒங்கானியாவின் ராணுவ ஆட்சி, துகுமான் மாகாணத்துச் சர்க்கரை ஆலைகளை மூடி ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை வேலையற்றவர்களாக்கியிருந்தபோது, கலைஞர்கள் கூட்டமாக அங்கே சென்று புகைப்படமும் வாக்குமூலமும் திரட்டித் தொழிற்சங்கக் கட்டடத்தில் காட்சிக்கு வைத்தார்கள். அந்தக் கூட்டத்திலும் ஃபெராரி இருந்தார். புவனோஸ் ஐரிஸில் அக்காட்சி திறந்த வேகத்திலேயே அரசாங்கத்தின் நெருக்கடியால் மூடப்பட்டது.

ஆனால் இவையெல்லாம் பூர்வபீடிகை. 1976ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி ஜெனரல் விடேலாவின் தலைமையில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதே சமயத்தில் நம் தேசத்திலும் நெருக்கடி நிலை அமலில் இருந்தது. தமிழ்நாட்டு மந்திரிசபை கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மிசா என்ற இரண்டெழுத்துச் சொல்லின் பொருள் திண்ணைகளில் தாழ்ந்த குரலில் விளக்கப்பட்டுக்கொண்டிருந்தது. நம்முடைய நெருக்கடி 1977 மார்ச்சில் தேர்தலோடு தீர்ந்தது. அவர்களுடையது 1983 வரை நீடித்தது. அந்த ஏழரை வருஷங்களில், வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் மனிதர்கள் அள்ளிச் செல்லப்பட்டு, ரகசிய முகாம்களில் சித்திரவதைக்கு ஆளாகி, பிறகு எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் மறைந்துபோனார்கள். மயக்கமருந்து ஏற்றப்பட்டு விமானங்களிலிருந்து உயிரோடு ஆற்றிலும் கடலிலும் வீசப்பட்டவர்கள் உண்டு. ஜனநாயகம் திரும்பியதும் அமைக்கப்பட்ட விசாரணைக்குழு 1984இல் 8,961 பேரின் மறைவைப் பதிவு செய்தது. மனித உரிமை இயக்கத்தார் 30,000 என்கிறார்கள். 1978இல் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில் அர்ஜென்டினா வென்று மைதானம் ஆரவாரித்தபோது, முகாம்களில் மிகக் கொடியதாகிய கடற்படை இயந்திரப் பள்ளி அம்மைதானத்திற்கு வெகு அருகில் இயங்கிக்கொண்டிருந்தது.

ஃபெராரி கத்தரிக்கோலை எடுத்தார். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிந்திய மாதங்களில் நாளேடுகளைப் புரட்டி, நதிக்கரையில் ஒதுங்கிய பிரேதங்கள், சாலையோரத்தில் குண்டு துளைத்துக் கிடந்தவர்கள், பிள்ளையைக் காணோம் என்று நீதிமன்றம் ஏறிய பெற்றோர் என்று உள்பக்கங்களில் நாலு வரியாக வந்த செய்திகளையெல்லாம் வெட்டி வெட்டி ஒட்டினார். அந்தத் தொகுப்புக்கு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் நல்ல மனிதர்கள் பலர் சொல்லப்போகும் சமாதானம் அதுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். நம் நெருக்கடிக் காலத்தில் தணிக்கையைக் கண்டிப்பதற்காகத் தலையங்கத்தின் இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்ட பத்திரிகைகளை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அங்கேயோ, தணிக்கையின் கண்ணில் படாமல் நழுவிய செய்திகள் அச்சாகவே செய்தன. காலைக் காப்பியோடு அவை வாசிக்கவும் பட்டன. தனித்தனியே கிடந்தபோது வெறும் தகவலாயிருந்த அவை, ஒரே தாளில் அடுத்தடுத்து ஒட்டப்பட்டதும் குற்றப்பத்திரிகையாகிவிட்டன. ஒரு வார்த்தையையும் ஃபெராரி சேர்க்கவில்லை என்பதே அதன் பலம். என் அபிப்பிராயத்தில், புகழ்பெற்ற விமானச் சிலுவையைவிட இந்தச் செய்தித்தாள் துணுக்குகளே அவருடைய உத்தமமான சிருஷ்டி.

அவ்வருஷ இறுதியில் அவர் குடும்பத்தோடு பிரேசிலுக்குப் போய்ச் சாவோ பாவுலோ நகரத்தில் தஞ்சமடைந்தார். பிரேசிலும் அப்போது ராணுவத்தின் கையில்தான் இருந்தது. கொடுமை சற்றுத் தணிந்த ராணுவம் என்பதுதான் வித்தியாசம். மகன் ஏரியல் தாய்நாட்டிலேயே தங்கிவிட்டான். 1977இல் அவனும் காணாமற்போனான், திரும்பி வரவேயில்லை. அதே காலத்தில் கேரளத்தில், கோழிக்கோட்டுப் பொறியியல் கல்லூரியிலிருந்து 1976 மார்ச்சில் போலீஸார் கொண்டுபோன ராஜன் என்ற மாணவனைத் தேடி அவனுடைய தகப்பனார் ஈச்சர வாரியர் படியேறாத அலுவலகம் இல்லை. நெருக்கடி நீங்கியதும் அவர் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கு, முதல் மந்திரி கருணாகரனின் பதவியையே பறித்தது. மகனின் எலும்புகூடக் கிடைக்கவில்லை. வாரியருக்கு ஓர் உயர்நீதிமன்றம் இருந்தது. ஃபெராரிக்கு அப்போது அதுவும் இல்லை.

மத விஷயத்திற்கு வருகிறேன். அவருடைய கோபத்தின் மூலஸ்தானம் அதுதான். அர்ஜென்டினாவின் தளபதிகள் நாஸ்திகர்கள் அல்லர். விடேலா பூசை தவறாத கத்தோலிக்கர். மேற்றிராணிமார்களில் ஒரு சாரார் ஆட்சியை ஆசீர்வதித்தார்கள். பலர் மௌனம் சாதித்தார்கள். மனிதர்களை விமானத்திலிருந்து தள்ளிவிட்டு மனசாட்சி உறுத்தத் திரும்பிய தங்களுக்குப் படைக் குருமார்கள் ஆறுதல் சொன்னதாகக் கடற்படை அதிகாரி சிலிங்கோ 1995இல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். போலீஸ் படைக்கு ஞானகுருவாயிருந்த ஃபோன் வெர்னிச் என்ற பாதிரியார், கொலையிலும் சித்திரவதையிலும் பங்கு கொண்டதற்காக 2007இல் ஆயுள்தண்டனை பெற்றார். இவையெல்லாம் சில தனிமனிதர்களின் வீழ்ச்சி என்று ஒதுக்கிவிட ஃபெராரியால் முடியவில்லை. நித்திய அக்கினியில் பாவிகள் வேகுவது நியாயம் என்று குழந்தைப் பருவம் தொட்டு ஒரு ஜனசமூகத்திற்கு ஞானோபதேசம் செய்துவிட்டால், பூமியில் நடக்கும் சித்திரவதை அந்தச் சமூகத்திற்கு அந்நியமாகத் தோன்றுமா என்று அவர் கேட்டார். இரண்டாயிரம் வருஷமாகக் கலைஞர்கள் தங்கள் உன்னதமான திறமையையெல்லாம் கொட்டி நரகத்தை அலங்கரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அவருடைய தனிப்பட்ட குறை. தகப்பனாரின் தொழிலையும் சேர்த்தேதான் சொன்னார்போலும்.

நமக்கு இது விளங்காத விஷயமன்று. எண்ணெய்க் கொப்பரையில் மனிதர்களை வாட்டும் எமகிங்கரர்களின் வண்ணப்படங்களையும், இன்ன பாவத்திற்குக் கும்பீபாகம், இன்னதற்கு ரௌரவம் என்று அட்டவணை போட்ட கருட புராணப் பிரதிகளையும் திருவிழாக் கடைகளில் பார்க்காத தமிழர் யார்? கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகளுக்கு நரகத்தோடு உத்தரிக்கிற ஸ்தலமும் பொதுத்தீர்வையும் உண்டு. நம்முடைய நரகத்தில் வினை தீர்ந்ததும் மறுபிறப்புக்கு வழி இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கொப்பரையின் சூட்டில் அதனால் வித்தியாசம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தக் குறையை ஃபெராரி சொன்ன விதங்கள் விசித்திரமானவை. மிக்கேல் ஆஞ்சலோவின் பொதுத்தீர்வைச் சித்திரத்தின் பிரதிமீது பறவைக் கூண்டை வைத்து, அதன் எச்சம் அச்சித்திரத்தில் விழுமாறு விட்டார். புண்ணியவான்களின் பிளாஸ்டிக் சுரூபங்களை வாணலியிலும் ரொட்டி வாட்டும் பெட்டியிலும் அரவை இயந்திரத்திலும் நிறுத்தினார். பார்த்தவர்கள் பதறினார்கள். உயிரற்ற பொம்மையை வாணலியில் வைத்தால் பதறும் நீங்கள், உயிருள்ள ஆத்துமாக்கள் அங்கே வேகும் என்று போதிக்கப்படும்போது ஏன் பதறுவதில்லை என்பதே அவருடைய வாதம். இதோடு நில்லாமல், 1997இல் தெய்வ நம்பிக்கையற்ற தோழர்கள் சிலரோடு சேர்ந்து போப்பாண்டவர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பருக்கு ஒரு விண்ணப்பமும் அனுப்பினார். பொதுத்தீர்வையை ரத்து செய்யவேண்டும் என்பது பிரார்த்தனை. 1999இல் அதே போப்பாண்டவர், நரகம் என்பது ஓர் இடமன்று, கடவுளைவிட்டு விலகிய நிலை என்று ஒரு பொது மறையுரையில் விளக்கினார். விண்ணப்பத்திற்கும் விளக்கத்திற்கும் சம்பந்தம் உண்டென்று நான் சொல்ல வரவில்லை. தேதிகளை அருகருகே வைக்கிறேன், அவ்வளவே.

1991இல் தாய்நாடு திரும்பியவர், காணாமற்போனவர்களைப் பற்றிய அந்த விசாரணைக்குழுவின் அறிக்கையை ஒரு நாளேடு 1995 வாக்கில் பகுதி பகுதியாக வெளியிட்டபோது அதற்குப் படங்கள் ஒட்டிக்கொடுத்தார். தளபதிகளும் மேற்றிராணிமார்களும் பழைய நரகச் சித்திரங்களும் அந்தப் பக்கங்களில் ஒன்றாக நின்றார்கள். பிறகு, 2004 நவம்பர் இறுதியில், அவருடைய ஐம்பதாண்டுப் படைப்புகள் புவனோஸ் ஐரிஸின் ரெகொலேத்தா கலாசார மையத்தில் காட்சிக்கு வந்தன. தொகுத்தவர் கலை வரலாற்றாசிரியை ஆந்திரேயா ஜுண்டா. நாற்பது வருஷத்துக்கு முன் அகற்றப்பட்ட விமானமும் அங்கே தொங்கிற்று. நகரத்தின் பேராயரான கர்தினால் ஜார்ஜ் பெர்கோலியோ, இது தெய்வநிந்தனை என்று விசுவாசிகளுக்குக் கடிதம் எழுதி, டிசம்பர் 7ஆம் தேதியை உபவாசத்திற்கும் ஜெபத்திற்கும் உரிய நாளாகக் குறித்தார். வாசலில் முழந்தாளிட்டு ஜெபமாலை சொன்னவர்கள் ஒருபுறம். உள்ளே புகுந்து கண்ணாடிப் பொருள்களை உடைத்தவர்கள் மற்றொருபுறம். ஒரு நீதிபதி கண்காட்சியை மூடச் சொன்னார். மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நீங்கி ஜனவரியில் கதவு திறந்தது. மொத்தம் 70,000 பேருக்குக் குறையாமல் வந்து பார்த்தார்கள். இவ்வளவு பெரிய விளம்பரத்தைச் செலவில்லாமல் செய்துகொடுத்தவர் கர்தினால்தான் என்று கிழவர் சிரித்துக்கொண்டார். 2007இல் வெனிஸ் நகரத்து உலகக் கலைவிழா அதே விமானச் சிலுவையை வரவழைத்து, ஃபெராரிக்குத் தங்கச் சிங்கம் விருது அளித்தது.

ஜெபமாலை சொன்னவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. தம் துயரத்தையெல்லாம் இறக்கி வைக்கும் ஒரு சுரூபத்தை வாணலியில் காண்பது எளிய விசுவாசிக்கு எப்படி இருக்கும் என்பதை ஃபெராரி அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. தர்க்கம் தம் பக்கம் இருப்பதாக உறுதிகொண்டவர்களிடம் காணும் குறை இது. மேலும், பக்கத்தில் வைத்துக் காட்டுவதே நியாயம் என்றால் எல்லாவற்றையும் வைக்கவேண்டும். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் செய்யும் பணியை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், 2004இல் அவர் ஏறத்தாழ ஐந்நூறு குடும்பங்களிடம் போரில் எஞ்சிய சிறு பொருள்களைக் கேட்டு வாங்கிக் காட்சியாக்கினார். 2011இல் வெளிவந்த ‘முடிவுறாத தோம்பு’ நூலிலோ, இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களுமாக எண்பது பேர், இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுக்க, அதன் அருகில் கட்டடக் கலைஞரின் முறைப்படியான வரைபடத்தையும் தம்முடைய சித்திரத்தையும் வைத்தார். அங்கேயும் அரச வன்முறை உண்டு. கிணறு எங்கே, பூவரச மரம் எங்கே என்பதுதான் சாட்சியம். ஃபெராரி எதிரியின் பொருள்களை எடுத்து எதிரியின் முன்னாலேயே வைக்கிறார். சனாதனன் இழந்தவர்களின் கையில் பென்சிலைக் கொடுக்கிறார். பின்னதற்கு ஆத்திரக்காரர்கள் குறைவு, சாட்சிகள் அதிகம்.

ஃபெராரியின் கத்தரிப்புகளோடு சேர்த்து வைக்கத்தக்க ஒரு சங்கதியைச் சொல்லி நிறுத்துகிறேன். அதே ராணுவ ஆட்சியில், அதே திருச்சபையைச் சேர்ந்த லா ரியோகா மறைமாவட்டத்து மேற்றிராணியார் என்ரிகே ஆஞ்செலெல்லி, கொலையுண்ட தம் குருமார் இருவரின் விஷயமாகத் தஸ்தாவேஜுகள் திரட்டிக்கொண்டு திரும்பும் வழியில், 1976 ஆகஸ்ட் 4ஆம் தேதி மோட்டார் விபத்து என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு சம்பவத்தில் மாண்டார். காணாமற்போனவர்களின் தாய்மார்களோடு நின்ற பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் இருவர் 1977 டிசம்பரில் கடத்தப்பட்டு விமானத்திலிருந்து வீசப்பட்டார்கள். மேற்றிராணியாரின் சாவு விபத்தன்று, கொலை என்று 2014 ஜூலையில் நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் இருவருக்கு ஆயுள்தண்டனை விதித்தது. ஆஞ்செலெல்லி தமக்கு வந்த மிரட்டல்களைப் பற்றி எழுதிய கடிதம் உட்பட ரோமாபுரி ஆவணக்களரியிலிருந்து அந்த வழக்குக்குக் காகிதங்களை அனுப்பி உதவியவர், போப்பாண்டவர் பிரான்சிஸ். அதாவது, 2004இல் ஃபெராரிக்கு எதிராக உபவாசம் கூறிய அதே பெர்கோலியோ. 2019இல் ஆஞ்செலெல்லி முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். அந்தத் தீர்ப்பையோ அந்த அறிவிப்பையோ ஃபெராரி காணவில்லை. தீர்ப்புக்கு ஓராண்டு முன்னதாக, 2013 ஜூலை 25ஆம் தேதி, தொண்ணூற்றிரண்டாம் வயதில் புவனோஸ் ஐரிஸில் காலமானார்.